பரண் பாத்தியதை

நெல்லிவாசல்நாடு
20.7.1980

அன்புள்ள அக்காவுக்கு,

சென்ற வெள்ளிக்கிழமை நம் ஊர் கூடி, நன்றாக யோசித்து, சோளக்கொல்லைக் காவல் பரணின் ஏணியை இனிமேல் மேற்குப் பக்கம் சாத்துவது என்று தீர்மானித்திருக்கிறது. இதை உனக்கு உடனே தெரிவிப்பது என் கடமை. நாட்டில் இந்த வருடம் வேறு சில தீர்மானங்களும் நடந்திருக்கலாம். இரண்டு தேர்தல் நடந்ததாகக்கூடக் கேள்வி. அவற்றுக்கெல்லாம் இவ்வளவு நேரம் ஆகியிருக்காது. மூன்று ஊர்க்காரர்கள் வந்திருந்தார்கள். ஒரு கிடா வெட்டினோம். காலங்காலமாகக் கிழக்கே இருந்த ஏணியை மாற்றுவது தெய்வக் குற்றம் என்று ஒரு கட்சி. வடக்கே வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அவருக்கு எதைப் பற்றிப் பேச்சு என்று கடைசிவரை தெரியாது. கடைசியில் ராஜாக்கண்ணு மாமாதான் முடித்து வைத்தார். நம் அம்மாவுக்கு அண்ணன், ஊருக்குத் தலைவர், அவர் சொன்னால் சரி. "கெழக்கு ராசி இல்ல. அது எல்லாருக்கும் தெரியும். மேக்க வச்சிடுங்க" என்றார். ஏன் ராசி இல்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி ஒரு சிறிய விஷயம். அந்தப் பரணில் ஏறப் போகிறவன் நான்.

பரண் பாத்தியதை நம் வீட்டுக்கு உரியது என்பது உனக்குத் தெரியும். அப்பா ரத்த வாந்தி எடுத்துப் போன பிறகு, இத்தனை வருடம் கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பன்றி தின்று போனது. "நம்ம சிங்காரம் கீறானே, அவன் எப்படியும் தூங்கறதில்ல. மிலிட்டரிக்காரன் வேற. இன்னாத்துக்கு வெளிய தேடறீங்க?" என்று மாமா கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பட்டாளத்தில் எனக்குப் பதக்கம் குத்தியபோதுகூட யாரும் இப்படிப் பார்த்ததில்லை.

அப்பாவின் நாட்டுத் துப்பாக்கியைத் துடைத்துக் கொடுத்தார்கள். பன்றி விரட்ட அவர் ஊதிய கொம்பையும் கொடுத்தார்கள். கூலி, பொழுது சாயும்போது ஒரு சொம்பு சாராயம். தமிழ்நாட்டில் மதுவிலக்கு கண்டிப்பாக அமலில் இருப்பதால் நம் மலையில் சரக்குக்குக் குறைவில்லை.

விடிந்ததும் வீட்டுப் பெண் கூழ் கொண்டு வர வேண்டும். நீ மலை ஏறி நான்கு வருடம் ஆகிறதே, வழக்கம் மறந்திருக்கும். கதிர் பிடித்ததிலிருந்து அறுக்கும் வரை கொல்லைக்குள் அவள் வாய் திறக்கக் கூடாது. குரல் கேட்டால் தானியத்தாய் எழுந்து போய்விடுவாள். கொலுசையும் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். என் பெண்டாட்டி பாஞ்சாலைக்கு இது நான்காம் மாதம். முந்தைய இரண்டும் தங்கவில்லை, இது தங்கும் போலிருக்கிறது. நடப்பது நல்லது என்று மருத்துவச்சி சொல்கிறாள்.

உன் தம்பி,
சிங்காரம்


வேலூர்
2.8.1980

சிங்காரத்துக்கு,

உன் கடிதத்தை வார்டில் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் ஒரு நோயாளிக்குப் போட வேண்டிய ஊசியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். பதினேழு வருட நர்ஸ் வேலையில் இது முதல் முறை.

ஏணி மேற்கே. நல்ல தீர்மானம். பன்றி காட்டிலிருந்து கிழக்குப் பக்கமாகத்தான் வரும். நீ கிழக்கே பார்த்து உட்கார்ந்திருப்பாய். கூழ் கொண்டு வருகிறவள் உன் முதுகுக்குப் பின்னால் வருவாள். குரல் இல்லை, கொலுசு இல்லை. உன் கையில் துப்பாக்கி, வயிற்றில் ஒரு சொம்பு. மூன்று ஊர் கூடி, கிடா வெட்டி, இதை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒரு விரோதி யோசித்தாலும் இவ்வளவு நேர்த்தியாக வராது.

கிழக்கு ஏன் ராசியில்லை என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் உனக்குத் தெரியும். அம்மா செத்த வீட்டில் நான் அதைச் சொன்னபோது நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "இனிமே நீ மலை ஏறாத" என்று மாமா சொன்னபோதும் தரையைத்தான் பார்த்தாய். நான்கு வருடமாக நான் மலை ஏறாததற்கு அது காரணம். மறதி காரணமில்லை.

தூக்கம் வராதவனைக் காவலுக்கு வைப்பது என்பது, காலில் புண் உள்ளவனை, எப்படியும் நொண்டுகிறானே என்று மூட்டை தூக்க வைப்பது போன்றது. உனக்குத் தூக்கம் வராதது ஊருக்குக் கிடைத்த வரம் இல்லை. அது நோய். எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு வார்டு இருக்கிறது. டாக்டர் பஞ்சாட்சரம் என்று ஒருவர் வந்திருக்கிறார். படுக்கை கேட்டு வைத்திருக்கிறேன். வா.

வரமாட்டாய். அதனால் பார்சலில் ஒரு மாட்டு மணி அனுப்பியிருக்கிறேன். பாஞ்சாலை இடுப்பில் கட்டிக்கொண்டு வரட்டும். அவள் வாய் திறக்க வேண்டாம். மணி திறக்கட்டும்.

ரஞ்சிதம்


நெல்லிவாசல்நாடு
7.9.1980

அன்புள்ள அக்காவுக்கு,

மணி வந்தது. நல்ல வெண்கலம். ஊர் கூடியது.

பாஞ்சாலை மணி கட்டலாமா என்பதில் மூன்று கருத்து இருந்தது. மணிச் சத்தம் குரலா, சத்தமா என்று முதலில் தீர்க்க வேண்டும் என்றார்கள். குரல் என்றால் கூடாது; சத்தம் என்றால் யோசிக்கலாம். மாலை வரை தீரவில்லை. அதற்குள் யாரோ ஒருவர், வேலூரிலிருந்து இவ்வளவு செலவழித்து ஒரு பெண்பிள்ளை மணி அனுப்பியிருக்கிறாள் என்றால் அது நிச்சயம் சாமிக்குத்தான் அனுப்பியிருப்பாள் என்றார். அதன் பிறகு ஒரே கருத்து. மணியைக் காளி கோவிலில் கட்டிவிட்டார்கள். உன் பெயரைச் சொல்லித் தேங்காய் உடைத்தார்கள். "ரஞ்சிதத்துக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்குது" என்று மாமா கண் கலங்கினார்.

உன் டாக்டருக்கு என் வணக்கம் சொல். எனக்கு நோய் ஒன்றும் இல்லை. சில சத்தங்கள் பிடிப்பதில்லை. ஒரு சொம்பு உள்ளே போனால் சத்தம் தள்ளிப் போகிறது. இதைவிட மலிவான மருந்து உன் ஆஸ்பத்திரியில் இருந்தால் எழுது.

நீ படித்தவள். பன்னிரண்டு வயதில் விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாய். அப்பா பரணிலிருந்து இறங்கி வரும் காலை நேரத்தில் அந்த வீட்டில் நீ இருந்ததில்லை, நான் இருந்தேன். காட்டுத் தீயில் மூங்கில் வெடித்தால் அவர் கட்டிலுக்கு அடியில் போவார், என்னையும் இழுத்துக்கொண்டு. என் வாயைப் பொத்திக்கொண்டு "பிளேன் வர்றான், பிளேன் வர்றான்" என்பார். பர்மாச் சண்டைக்கு ரோடு போடப் போனவர், இருபது வருடம் கழித்தும் அங்கிருந்து திரும்பி வந்துகொண்டேயிருந்தார். அவரிடமிருந்து தப்பிக்கத்தான் நான் பட்டாளத்தில் சேர்ந்தேன். நீ தப்பித்தபோது உனக்கு ஸ்டைபண்ட் கொடுத்தார்கள். எனக்குத் துப்பாக்கி கொடுத்தார்கள். ஆகவே எனக்குப் புத்தி சொல்லாதே.

சிங்காரம்


வேலூர்
16.9.1980

சிங்காரத்துக்கு,

நான் வீட்டில் இல்லை என்கிறாய். நான் இருந்த ஒரு காலையைப் பற்றிச் சொல்கிறேன். நீ அப்போது சின்னப் பிள்ளை, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

எனக்குப் பத்து வயது. அம்மா கூழ்ப் பானையோடு முன்னால் போனாள். நான் ஊறுகாய்க் கிண்ணத்தோடு பின்னால் போனேன். பனி இருந்தது. இரண்டு பேரும் வழக்கப்படி வாய் மூடியிருந்தோம். சோளத்தட்டையைக் கையால் விலக்கிக்கொண்டு அம்மா நடந்தாள். தட்டை அசைந்தது. பரணிலிருந்து வெடித்தது.

அம்மா உட்கார்ந்தாள். முழங்காலுக்குக் கீழே ரவை பாய்ந்து, புடவையோடு சதை ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை, சிங்காரம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கத்தினால் ஊருக்கு விளைச்சல் போய்விடும் என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, விரலை உதட்டில் வைத்தாள். நானும் கத்தவில்லை. அந்த வருடம் நல்ல விளைச்சல்.

அப்பா இறங்கி வந்து பார்த்தார். அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, ஏதோ வேறு பாஷையில் அழுதார். வாயில் சாராய வாடை. பிறகு மாமா வந்தார். கூடப் பிறந்த தங்கை ரத்தத்தில் உட்கார்ந்திருக்கிறாள். துப்பாக்கியையும் சொம்பையும் கொடுத்தது அவர் கை. அவர் சுற்றிப் பார்த்து, "முனியம்மா பாறையில வழுக்கி வுழுந்துட்டா. இன்னா? எல்லாரும் கேட்டுக்குனீங்களா?" என்றார். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த வாரம் அப்பா மறுபடி பரண் ஏறினார். சொம்பு இரண்டாயிற்று. அவர் கை நடுங்காமல் இருக்க வேண்டுமாம்.

சாகும்வரை அவள் காலை இழுத்து இழுத்து நடந்தாள். நீ அவள் தோளைப் பிடித்து நடந்திருக்கிறாய். இனி, பாறை என்று சொல். உன் கையால் எழுதி அனுப்பு.

ரஞ்சிதம்


28.9.80

அக்கா

படித்தேன். கிழித்தேன். ஒட்டிப் படித்தேன். பாஞ்சாலை பக்கத்தில் இருந்தாள், கேட்டாள் என்று சத்தமாகவும் படித்துவிட்டேன். ஏன் படித்தேன் என்று தெரியவில்லை. உனக்கு அதுதானே வேண்டும்.

அம்மா பாறையில்தான் விழுந்தாள். எழுதிவிட்டேன். போதுமா.

நீ ஒரு நாளும் யாரையும் நிம்மதியாக விட்டதில்லை. அதனால்தான் உன்னைக் கட்டிக்கொள்ள ஒருத்தனும் வரவில்லை.

சி.


வேலூர்
9.10.1980

சிங்காரத்துக்கு,

உன் எழுத்து வரிக்கு வரி கீழே இறங்கிப் போயிருக்கிறது. எத்தனை சொம்பு என்று எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். என்னைக் கட்டிக்கொள்ள வந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் சாயங்காலத்தில் குடிப்பவர்கள். நான் வாசலிலேயே மோப்பம் பிடித்துவிட்டேன். அந்த மூக்கும் நம் அப்பா கொடுத்த சொத்துதான்.

டாக்டர் பஞ்சாட்சரத்திடம் பேசினேன். "உங்க அப்பாவும் குடிப்பாராம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "அவரும் சண்டைக்குப் போனவரா?" ஆமாம் என்றேன். "அவரு அப்பா?" எனக்குத் தெரியவில்லை. தாத்தாவும் பரணில்தான் இருந்தார் என்று மட்டும் தெரியும். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"சில வூட்ல குடி ரத்தத்துல வருது. சில வூட்ல பாத்துப் பாத்து வருது. உங்க வூட்ல ரெண்டும் வந்திருக்கு. அதுமேல போய் சண்டை உக்காந்திருக்கு. தூக்கத்துக்காகக் குடிக்கிறார், குடிச்சதால தூக்கம் போவுது. அவரைத் திட்டாதீங்கம்மா, கூட்டிட்டு வாங்க" என்றார். சண்டைக்குப் போனவர்களுக்கு வரும் இந்த நோய்க்குப் போன வருடம்வரை ஒழுங்கான பெயர் கிடையாதாம். இப்போது அமெரிக்காவில் டாக்டர்களின் பெரிய புத்தகத்தில் பெயர் போட்டு ஏற்றிவிட்டார்களாம். ஆக, இந்த வருடத்திலிருந்து நீ அதிகாரபூர்வமாக நோயாளி. அப்பாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் கடைசிவரை வெறும் குடிகாரர்.

திட்டாதீர்கள் என்றார். நான் திட்டுவேன். என் நாற்பத்தோராவது வயதில் ஒருவர் வந்து எனக்கு இதைச் சொல்கிறார். எனக்குக் கோபம் வராதா? எனக்கும் தூக்கம் வருவதில்லை, உனக்குத் தெரியுமா? கதவு பட்டென்று அடித்தால் எனக்கும் வாய் தானாக மூடிக்கொள்ளும். ஆகவே நான் நைட் டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். எப்படியும் தூங்காதவள் என்று மேட்ரனுக்கு என்மேல் பிரியம். என்னையும் ஒரு பரணில்தான் ஏற்றியிருக்கிறார்கள். கூலி சொம்பில் வருவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

படுக்கை இன்னும் இருக்கிறது. கதிர் பிடித்துவிட்டதா?

ரஞ்சிதம்


நெல்லிவாசல்நாடு
26.10.1980

அன்புள்ள அக்காவுக்கு,

கதிர் பிடித்துவிட்டது. பரண் ஏறி இரண்டு வாரம் ஆகிறது.

கட்டிக்கொள்வது பற்றி நான் எழுதியதை மறந்துவிடு. இந்தக் கடிதம் காலையில் எழுதுவது. காலையில் முதல் மடக்கு குடிக்கும்வரை கை ஆடும், குடித்தால் நிற்கும். இப்போது நின்றிருக்கிறது. ஆகவே சீக்கிரம் எழுதுகிறேன்.

நீ சோளத்தட்டை அசைந்தது என்று எழுதியிருந்தாய். எழுபத்தொன்று டிசம்பரில் நாங்கள் கரும்புக் காட்டில் கிடந்தோம். பஞ்சாப் கரும்பு, ஆள் உயரம். எனக்குப் பக்கத்தில் தேவராஜ், ஆம்பூர்க்காரன். ரம் கொடுப்பார்கள் அல்லவா, அவன் குடிக்கமாட்டான். அவன் பங்கையும் எனக்கே கொடுப்பான். "உனக்குத்தான் அப்பன் வழி பழக்கம், நீ குடிடா" என்பான். கேலிக்குத்தான் சொல்வான். கரும்பு இலை உரசினால் எதிரிகள் வருகிறார்கள் என்று அர்த்தம். காற்றடித்தாலும் உரசும். எது எது என்று பிரித்துக் கேட்கக் காதைக் கூராக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். ஒரு தடவை அது காற்று என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். காற்றில்லை. தேவராஜின் தலை என் மடியில் கிடந்தது. விடிந்து ஆள் வரும்வரை அப்படியே இருந்தேன். அவன் சட்டைப்பையில் எனக்காக வைத்திருந்த ரம் இருந்தது. அதைக் குடித்தேன்.

அன்றிலிருந்து எந்த இலை உரசினாலும் அது காற்றில்லை.

இதை மாமாவிடம் ஒரு தடவை சொன்னேன். உனக்காகத்தான் சொன்னேன், உன் கடிதத்துக்குப் பிறகு. அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்ப உனுக்கு காது நல்லா கேக்குதுன்னு சொல்லு" என்றார். ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

பாஞ்சாலை வருகிறாள். நான் விடியும் முன்பே துப்பாக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கொம்பைப் பிடித்துக்கொள்கிறேன். நேற்று மட்டும் மறந்துவிட்டேன். இலை உரசியதும் துப்பாக்கியின் குதிரையை இழுத்தபோது மருந்து நனைந்திருந்தது. வெடிக்கவில்லை. பாஞ்சாலைக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

இறங்கி வரலாம். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஊரிடம் சாக்கு சொல்கிறேன். உன்னிடம் எதற்குச் சாக்கு? சொம்பு இருக்கிற இடத்தில்தான் நான் இருக்க முடியும்.

சிங்காரம்


நெல்லிவாசல்நாடு
16.11.1980

ரஞ்சிதத்துக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

என் கடிதம் கிடைத்ததும் மலை ஏறி, ஊர் நடுவில் வந்து நின்றாய். உன் வெள்ளைப் புடவையில் ஏலகிரி மடத்துக் கன்னியாஸ்திரி மாதிரி இருந்தாய். நான் பரணிலிருந்து இறங்கி, கண் சிவந்து, வேட்டி அவிழ்ந்து நிற்கிறேன். ஊர் முழுக்க வேடிக்கை பார்க்கிறது. "நீ மலை ஏறக்கூடாதுன்னு சொன்னோமே?" என்று மாமா கேட்டார். அதற்கு நீ சொன்னாயே: "ஏணி எந்தப் பக்கம்னு மூணு ஊரைக் கூட்டிக் கேட்டீங்களே மாமா, எங்கம்மா காலு எந்தப் பக்கமா வெடிச்சுதுன்னு ஒருத்தரையாவது கேட்டீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் இந்தத் தடவையும் தரையைத்தான் பார்த்தேன் என்று எழுதுவாய். எழுது.

பிறகு பாஞ்சாலையின் கையைப் பிடித்தாய். "அவ வூட்டுக்காரனைக் கேக்காம எங்க கூட்டிட்டுப் போற?" என்று அத்தை கத்தினாள். பாஞ்சாலை என்னைப் பார்த்துச் சொன்னாள்: "குதிரை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டுச்சிய்யா. நான் அண்ணிகூடப் போறேன். பெத்துக்குனு வர்றேன். நீ அதுக்குள்ள எறங்கி வந்துடு." அத்தனை பேருக்கு முன்னால். இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

ஏழு மாதக்காரியை ஆலங்காயம் வரை ஜீப்பில் குலுக்கிக்கொண்டு போயிருக்கிறாய். நர்ஸ் அல்லவா, உனக்குத் தெரியும். என் பெண்டாட்டியைத் திருடினாய். என் மானத்தைத் திருடினாய். ஊர் இனி என்னை ஒரு சாட்சிக்குக்கூடக் கூப்பிடாது. பரணை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். அதைவிட்டு நான் இறங்க மாட்டேன். எனக்கு இனி அதுதான் வீடு. உன்னிடமிருந்து கடிதம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சிங்காரம்


வேலூர்
25.11.1980

சிங்காரத்துக்கு,

திருப்பி அனுப்பு. ஸ்டாம்பு என் செலவு.

பாஞ்சாலை நன்றாக இருக்கிறாள். முதல் இரண்டு நாள் என் வீட்டில் கதவருகே உட்கார்ந்தே தூங்கினாள். இப்போது படுத்துத் தூங்குகிறாள். கொலுசு போட்டுக்கொண்டிருக்கிறாள். வீடெங்கும் நடந்து நடந்து சத்தம் செய்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

உன்னைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினாள். "அவரு கெட்டவரு இல்ல அண்ணி. சாயங்காலம் ஆனா வேற யாரோ வந்து உக்காந்துக்கறாங்க" என்றாள். அம்மா இதே வார்த்தையை அப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இன்னும் எத்தனை பெண்கள் இதைப் பாடமாகச் சொல்ல வேண்டும்?

மானம் போய்விட்டது என்கிறாய். நல்லது. ஒரு சுமை குறைந்தது. அது இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு வருவது சுலபம்.

வீட்டில் பெண் இல்லை. உனக்குக் கூழ் யார் கொண்டு வருகிறார்கள்? அவர்களாவது இருமிக்கொண்டு வரட்டும்.

ரஞ்சிதம்


நெல்லிவாசல்நாடு
14.12.1980

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடைசிக் கேள்விக்குப் பதில்.

வீட்டில் பெண் இல்லாவிட்டால் தாய்மாமன் வீட்டுப் பெண் கூழ் கொண்டு வர வேண்டும் என்பது வழக்கம். ஊர் கூடி அத்தையிடம் சொன்னது. "எனக்கு இன்னா தலையெழுத்து? என் காலு எனக்கு வேணும்" என்று அத்தை சொல்லிவிட்டாள். அவளுக்கும் இத்தனை வருடம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. வழக்கம் கெட்டால் விளைச்சல் கெடும் என்று மாமாவே பானையைத் தூக்கிக்கொண்டார். தலைவர் அல்லவா, முன்மாதிரியாக இருக்க வேண்டும். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு வந்தார். அறுப்புக்கு இன்னும் நான்கைந்து நாள்தான் இருந்தது.

போன திங்கட்கிழமை. முந்தின நாள் மழை, ஆகவே மூன்று சொம்பு. நான் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால், மேற்கே, ஏணிப் பக்கம், இலை உரசியது. அது காற்றில்லை.

மருந்து இந்தத் தடவை காய்ந்திருந்தது.

அம்மாவுக்குப் பட்ட அதே இடம். ஆனால் மாமா கத்தினார். மூன்று ஊருக்கும் கேட்கும்படி கத்தினார். நான் இறங்கிப் போய் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தேவராஜ், தேவராஜ் என்று அழுதுகொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை. அவர் வாயைப் பொத்தவும் பார்த்தேனாம். "எடுடா கைய, பேமானி" என்று மாமா சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

கட்டிலில் வைத்து ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு இறக்கினோம். கட்டிலின் ஒரு காலை நானும் பிடித்தேன். ரவையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. கால் மடங்காது என்றார்கள்.

வியாழக்கிழமை சோளம் அறுத்தோம். கொல்லைக்குள் அவ்வளவு கத்தியும் விளைச்சலுக்கு ஒன்றும் ஆகவில்லை. போன வருடத்தைவிட அதிகம்.

நேற்று ஊர் கூடியது. மாமா கட்டிலில் படுத்தபடியே தலைமை தாங்கினார். அவர் பாறையில் வழுக்கி விழுந்தார் என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. "சிங்காரம், நீ இன்னா சொல்ற?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார்கள்.

"நான்தான் சுட்டேன்" என்றேன். "எங்கப்பா எங்கம்மாவைச் சுட்டாரு. நான் மாமாவைச் சுட்டேன். இந்த மலையில ஒரு பாறையும் வழுக்கறதில்ல" என்றேன். தரையைப் பார்க்கவில்லை, அக்கா. கை ஆடிக்கொண்டிருந்தது, காலையிலிருந்து குடிக்கவில்லை.

பிறகு மாமா, "பையன் உடம்பு சரியில்ல, பாவம்" என்றார். தீர்மானத்தை மாற்றவில்லை.

துப்பாக்கியையும் கொம்பையும் மாமா வீட்டு வாசலில் வைத்துவிட்டேன். புதன்கிழமை பஸ்ஸில் வருகிறேன். படுக்கை இன்னும் இருக்கிறதா? வழியில் இறங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டுக்கு நீ வந்து நின்றால் நல்லது. திட்டுவதானால் அங்கேயே திட்டு.

சிங்காரம்


வேலூர்
22.1.1981

சென்னை ஆஸ்பத்திரியில் இருக்கும் சிங்காரத்துக்கு,

டாக்டர் பஞ்சாட்சரம் உன்னைச் சென்னைக்கு அனுப்பியது நல்லது என்று இப்போது தோன்றுகிறது. பட்டாளத்துக்காரர்களோடு சேர்ந்து உட்கார்ந்து பேசச் சொல்கிறார்களாமே. பேசு. முதல் பத்து நாள் நீ என்னைக் கூப்பிட்ட பெயர்களை எல்லாம் வார்டு பையன் சொன்னான். சிலவற்றை நான் கேள்விப்பட்டதே இல்லை. உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் தீரவில்லை. தீர்ந்ததும் எழுதுகிறேன். அதுவரை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு. வெளியே வந்தவுடன் குடிக்கத் தோன்றும் என்று டாக்டர் சொல்கிறார். தோன்றும்போது எனக்கு எழுது. அந்தக் கடிதத்தையும் கிழிக்காமல் போடு.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் பாஞ்சாலைக்குக் குழந்தை பிறந்தது. ஆண். எடை போதும். தாயும் பிள்ளையும் நலம். வலி எடுத்தபோது பாஞ்சாலை எங்கள் தெருவே எழுந்து வரும்படி கத்தினாள். நான் அவள் வாயைப் பொத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் சொன்னார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

பெயர் நீ வந்துதான் வைக்க வேண்டும் என்கிறாள். அப்பா பெயர் வேண்டாம்.

ஊரிலிருந்து ஆள் வந்திருந்தான். மாமா கோலூன்றி நடக்கிறாராம். குழந்தை பிறந்த சேதி கேட்டு ஊர் கூடியிருக்கிறது. ஒரு கூடை அனுப்பியிருக்கிறார்கள். அதில் சாமை அரிசி, ஒரு பாட்டில் தேன், குழந்தைக்குப் பரண் கொம்பு.

ரஞ்சிதம்